மணிக்கட்டை விடுவிக்கும் பாடம்

மணிக்கட்டை ஒருவன் இறுகப் பற்றிவிட்டால் பெரும்பாலான பெண்கள் கையைப் பின்னுக்கு இழுப்பார்கள். இழுபறி என்று வந்துவிட்டால் பலசாலிதான் ஜெயிப்பான். பிடித்த கையைக் கவனித்தால் வழி தெரியும். ஒருபுறம் நான்கு விரல்கள், மறுபுறம் கட்டைவிரல் மட்டும். அந்த விரல்நுனிகள் சந்திக்கும் இடைவெளிதான் பிடியின் பலவீனம். மணிக்கட்டின் ஒடுங்கிய விளிம்பு அந்த இடைவெளிக்கு நேராக வரும்படி கையைத் திருப்பி, அவனை நோக்கியே ஓரடி வைத்து, முழங்கையை மடக்கி வெடுக்கென்று உருவ வேண்டும். அப்போது மோதுவது ஒரு கட்டைவிரலோடு மட்டும். கை விடுபட்டதும் கத்திக்கொண்டே ஓட வேண்டும்.

பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்த வேண்டும். தூக்கிச் செல்வது அவனுக்குச் சிரமமாகிவிடும். குதிகாலால் அவன் பாதத்தை ஓங்கி மிதிக்கலாம். பின்னலைப் பற்றினால், அவன் கையை இரு கைகளாலும் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ள வேண்டும். வலி குறையும், நிலைகுலையாமல் நிற்கவும் முடியும்.

இதற்கெல்லாம் ஆஜானுபாகுவான உடல் தேவையில்லை. நூறாண்டுகளுக்கு முன் லண்டனில் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களுக்கு ஜுஜுட்சு கற்றுக்கொடுத்த எடித் காருட், ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். போலீஸ் பிடியிலிருந்து தலைவியரைக் காத்த பெண்கள் படை அவரிடம்தான் பயின்றது.

ஆனால், படித்துத் தெரிந்துகொண்டால் மட்டும் கை விடுபடாது. இன்னொருவர் உண்மையாகவே இறுக்கிப் பிடிக்க, திரும்பத் திரும்பப் பழக வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சிக்கு இடமிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அந்த நேரம் வரிசையில் நின்று காற்றில் குத்துவதிலும், ஆண்டுவிழா மேடையில் ஓடு உடைப்பதிலும் கரைந்துவிடக் கூடாது.

கனடாவில் சார்லின் சென் குழு மூன்று பல்கலைக்கழகங்களின் 893 மாணவிகளிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. பாதிப் பேருக்கு 12 மணி நேரப் பயிற்சி, மற்றவர்களுக்குத் துண்டறிக்கைகள். ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றோரில் 5.2 சதவீதம், மற்றவர்களில் 9.8 சதவீதம். அங்கே அடி உதையோடு, தெரிந்தவனிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காணவும், அவன் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லவும் பழக்கினார்கள். நமக்கும் அதுதான் தேவை. இந்தியாவில் பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றவாளி தெரிந்தவன்தான் என்கின்றன தேசியக் குற்ற ஆவணங்கள். மாமா முறை உள்ளவனின் கையை உதறவும் ஒரு பெண் குழந்தைக்குத் துணிச்சல் வர வேண்டும்.

திருப்பி அடித்தால் வழக்கு வருமோ என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34ஆம் பிரிவு, தற்காப்புக்காகச் செய்வது குற்றமல்ல என்கிறது. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. ஆனால் வல்லுறவு, கடத்தல் நோக்கத்தோடு தாக்குபவனுக்கு எதிராக அந்த உரிமை அவன் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் நீளும் என்கிறது 38ஆம் பிரிவு. இதையும் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும்.

பயத்தில் உடல் உறைந்துபோவதும் இயல்பே. அப்படி உறைந்தவளிடம் ‘ஏன் தடுக்கவில்லை’ என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை, குற்றம் அவளைப் பிடித்தவனுடையது. இவற்றையெல்லாம் திரும்பத் திரும்பப் பழக, வாரம் ஒரு விளையாட்டு வகுப்பை, பெண் பயிற்சியாளரோடு, ஆண்டு முழுவதும் தற்காப்புப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் மாணவர்களுக்கும், விருப்பமில்லாதவளைத் தொடக் கூடாது என்ற பாடம் நடக்கட்டும்.