சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மின்சாரக் கார்: லாபம் யாருக்கு?

பெரிய கம்பெனிகளில் இப்போது ஒரு புதுத் திட்டம் பரவி வருகிறது. உத்தியோகஸ்தர் முன்பணம் கட்ட வேண்டாம். பாங்கு வாசலில் கடன் கேட்டு நிற்க வேண்டாம். கம்பெனியே ஒரு குத்தகை நிறுவனத்திடமிருந்து மின்சாரக் காரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடும். மூன்று முதல் ஐந்து வருஷ காலத்துக்கு, மாதாமாதம் குத்தகைத் தொகையை அவருடைய சம்பளத்தில், வருமான வரி கணக்கிடும் முன்பே, கழித்துக்கொள்ளும். “வரியும் மிச்சம், புகையும் இல்லை” என்பது இதற்குச் செய்யப்படும் பிரசாரம்.

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சென்னைக்கும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகள், விடுமுறைக்கு ஊர் வரும்போது இந்தப் பேச்சையும் கொண்டுவருகிறார்கள். “எடுக்கலாமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. மிச்சமாவதாகச் சொல்லும் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? யார் கைக்குப் போகிறது?

கணக்கைப் பார்ப்போம்

குத்தகைத் தொகை மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பணம் சம்பளமாகக் கைக்கு வந்தால் அதற்கு வரி உண்டு. காராக வந்தால்? 1962-ஆம் வருஷத்து வருமான வரி விதிகளின்படி, கம்பெனி கொடுத்து, ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓடும் காருக்கு, இன்ஜின் 1.6 லிட்டருக்கு உட்பட்டதானால் மாதம் 1,800 ரூபாயும், மேற்பட்டதானால் 2,400 ரூபாயும்தான் சலுகையின் மதிப்பாக இருந்தது. அந்தச் சிறு தொகைக்கு மட்டுமே வரி. இன்ஜினே இல்லாத காருக்கு இன்ஜினை அளந்து வரி போடும் விதி பொருந்தி வந்ததைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் இதனால் லாபம் அடைந்தவர்கள் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

2025–26 கணக்கில், வருஷ வருமானம் 24 லட்சத்துக்கு மேற்பட்டவரின் உச்ச வரி 30 சதவிகிதம். கல்வி, சுகாதாரத் தீர்வையும் சேர்த்தால் 31.2 சதவிகிதம். 30,000 ரூபாய்க்கு அவர் கட்ட வேண்டிய வரி 9,360 ரூபாய். காராக வாங்கினால், பெரிய இன்ஜின் கணக்குப்படியே பார்த்தாலும், சுமார் 750 ரூபாய். மாதம் 8,600 ரூபாய் மிச்சம். நாலு வருஷத்தில் 4 லட்சத்துக்கு மேல். இது வானத்திலிருந்து விழுந்த பணமல்ல. சர்க்கார் கஜானாவுக்கு வராமல் போன பணம்.

இனி அடுத்த படியைப் பாருங்கள். மாதம் 1 லட்சம் ரூபாய் வாங்கும் ஊழியருக்குப் புதிய வரி முறையில் அதே வருஷம் வரியே கிடையாது; 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி. நல்லதுதான். ஆனால் வரி இல்லாதவருக்கு வரி மிச்சமும் இல்லை. ஆகவே இந்தத் திட்டத்தால் அவருக்கு ஒரு காசு வரிச் சலுகையும் கிடையாது. மாதம் 18,000 ரூபாய்க்கு மயிலத்திலிருந்தோ விக்கிரவாண்டியிலிருந்தோ வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு? அவருடைய முழுச் சம்பளமும் குத்தகைத் தொகைக்கே போதாது. அவரை இத்திட்டத்தில் சேர்க்கவும் மாட்டார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. மதிப்புத் தொகையை ஏற்றினாலும் இறக்கினாலும், முழுக் குத்தகைக்கும் வரி போடாமல் ஒரு சிறு மதிப்புக்கு மட்டும் வரி போடும் முறை இருக்கும்வரை சங்கதி இதுதான்: சம்பளம் ஏற ஏறச் சலுகையும் ஏறும்!

சலுகைக்கு மேல் சலுகை

இதோடு நிற்கவில்லை. மின்சார வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் 1 முதல் 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாக இறக்கப்பட்டது. 1962 விதிகளில் சாதாரணக் காருக்கு வருஷத் தேய்மானம் 15 சதவிகிதம். மின்சார வாகனத்துக்கு 40 சதவிகிதம். அதாவது, காரின் சொந்தக்காரனாகிய குத்தகை நிறுவனமும் தன் லாபத்தில் அந்த அளவு கழித்துக் காட்டலாம்.

மாநில சர்க்காரோ தன் 2023-ஆம் வருஷக் கொள்கைப்படி மின்சார வாகனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை சாலை வரியை முழுவதுமாக ரத்துச் செய்தது. விலை வரம்பு ஏதுமில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய வரி விகிதப்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவிகிதம். அதற்கும் மேற்பட்டால் 20 சதவிகிதம். 15 லட்ச ரூபாய்க் காருக்கு விட்டுக்கொடுத்தது சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம். 40 லட்ச ரூபாய்க் காருக்கு 8 லட்சம்! திண்டிவனம் சந்தையில் காய்கறி விற்பவர் மகன் கடன் வாங்கி எடுத்த 1 லட்ச ரூபாய் மின்சார ஸ்கூட்டருக்கு 10 ஆயிரம். இல்லாதவனுக்குக் கிள்ளியும், இருப்பவனுக்கு அள்ளியும் கொடுப்பது என்பது இதுதான்.

குத்தகையின் மறுபக்கம்

காரை எடுக்கும் உத்தியோகஸ்தர் நமக்கு எதிரியல்ல. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவரே. அவருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு.

குத்தகை என்ற சொல் பழைய தென்னாற்காடு ஜில்லாவின் உழவர்களுக்குப் புதிதல்ல. நிலம் வேறொருவருக்கு, உழைப்பு நமக்கு, விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகையை அளந்தாக வேண்டும். நினைத்தபோது நிலத்தைப் பிடுங்கும் கொடுமையைத் தடுக்க 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டமும் வந்தன. கார்க் குத்தகைக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. கார் குத்தகை நிறுவனத்தின் பெயரில். ஒப்பந்தம் கம்பெனியின் பெயரில். பணம் மட்டும் உங்கள் சம்பளத்தில்!

நடுவில் வேலை போனால் என்ன ஆகும்? கம்பெனி ஆள் குறைப்புச் செய்தால்? காரைத் திருப்பிக் கொடுத்து, முன்கூட்டி முறித்ததற்கான தொகையைக் கட்டு, அல்லது மிச்சத்தை மொத்தமாகக் கட்டிக் காரை எடுத்துக்கொள் என்பதே இத்தகைய ஒப்பந்தங்களின் வழக்கமான நிபந்தனை. வேலையும் போய், காரும் போய், தண்டமும் கட்டும் நிலை. இந்தப் பயம் தொழிலாளியின் வாயை அடைக்கும். “நாலு வருஷம் பொறுத்துக்கொள், கார்த் தவணை முடியட்டும்” என்று நினைப்பவர் சங்கத்தில் சேர்வாரா? அநியாயத்தை எதிர்த்துக் கேட்பாரா?

கூலியைப் பணமாகத் தராமல் பொருளாகத் தருவது முதலாளிகளின் பழைய தந்திரம். அதைத் தடுக்க பிரிட்டனில் 1831-லேயே சட்டம் போட வேண்டியிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர் ‘துண்டு’ என்ற கடன் சீட்டினால் கங்காணியிடமும் தோட்டத்திடமும் கட்டுண்டு கிடந்தனர்; 1921-ல்தான் அந்த முறை ஒழிந்தது. நம் நாட்டில் 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், எதை எதைச் சம்பளத்தில் பிடிக்கலாம், எவ்வளவு பிடிக்கலாம் என்று எல்லை வகுத்தது. 2025 நவம்பர் 21-ல் அதன் இடத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இன்றைய கார்க் குத்தகையும் அன்றைய துண்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. இன்று கையெழுத்துப் போடுபவர் விரும்பித்தான் போடுகிறார். ஆனால் கூலியைக் கடனோடு முடிச்சுப் போட்டால், அந்த முடிச்சின் நுனி முதலாளி கையில்தான் இருக்கும். இந்தச் சரித்திரப் பாடத்தை மறக்கலாகாது.

ஆகவே கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கழிக்கப்படும் தொகை அலவன்சிலிருந்தா, அடிப்படைச் சம்பளத்திலிருந்தா? அடிப்படைச் சம்பளத்தில் கை வைத்தால் பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் குறையும். வேலை நீக்கம், நோய், பிரசவ விடுப்பு ஆகிய காலங்களில் குத்தகையை யார் கட்டுவது? பாட்டரி கெட்டால் யார் பொறுப்பு? முடிவில் காரை என்ன விலைக்குத் தருவார்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெளிநாடுகளிலும் இதே கதை

இந்த ஏற்பாடு மேல்நாடுகளிலிருந்து வந்தது. பிரிட்டனில் கம்பெனி மூலம் பெறும் மின்சாரக் காரின் சலுகை மதிப்பு, 2022 முதல் 2025 வரையான மூன்று வரி வருஷங்களிலும் கார் விலையில் வெறும் 2 சதவிகிதமாக இருந்தது. 2025–26-ல் அது 3 சதவிகிதம். ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல், குறிப்பிட்ட விலை வரம்புக்குட்பட்ட மின்சாரக் காருக்குச் சலுகை வரியே நீக்கப்பட்டது. அங்கேயாவது ஒரு வரம்பு வைத்தார்கள்! பிரிட்டனில் சம்பளப் பிடித்தத்தால் ஒருவருடைய கூலி சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக் கூடாது. தொழிலாளிக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் விளைவு என்ன? குறைந்த கூலிக்காரருக்கு இத்திட்டத்தின் கதவே மூடியிருக்கிறது. எந்த நாட்டில் பார்த்தாலும் மேல் படியில் நிற்பவருக்கே இந்தச் சலுகை.

விழுப்புரம் மின்சாரத்துக்குப் புதிதா?

நாம் மின்சார வண்டிக்கு எதிரிகளல்ல. நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். புகை குறைய வேண்டும். எண்ணெய்க் கம்பெனிகளின் பிடியிலிருந்து நாடு விடுபட வேண்டும். மின்சார வண்டி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. யாருக்கு முதலில் என்பதே பிரச்னை.

விழுப்புரம் வாசிகளுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். 1960-களின் நடுவிலேயே தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் கேஜ் பாதை மின்மயமாக்கப்பட்டது. மின்சாரம் இந்த ஊரை நோக்கி முதலில் ஓடி வந்தது எவருடைய சொந்தக் காரிலும் அல்ல. மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கிய கூலிக்காரரும், வியாபாரியும், மாணவரும், அதிகாரியும் ஒரே ரயிலில் வந்தார்கள். அது பொதுச் சொத்து. அறுபது வருஷத்துக்கு முன் செய்ய முடிந்ததை இன்று ஏன் பஸ்சில் செய்ய முடியாது?

1975-ல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய நிறுவனம் இன்று அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம். கடலூர், திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் வரை அதன் பஸ்கள் ஓடுகின்றன. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. செஞ்சிக்கும் மரக்காணத்துக்கும் வேலைக்குப் போகும் பெண்களைக் கேளுங்கள், அந்தப் பஸ்சின் அருமையைச் சொல்வார்கள். ஆனால் மத்திய சர்க்கார் 2024 அக்டோபரில் தொடங்கிய மின்சார வாகனத் திட்டத்தில் 14,028 பஸ்களுக்காக ஒதுக்கிய 4,391 கோடி ரூபாயும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள ஒன்பது மாநகரங்களுக்கே. விழுப்புரத்துக்கு அதில் இடமில்லை.

சென்னையிலும் 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. வரவேற்கிறோம். ஆனால் கண்டக்டர் கழகத்து ஊழியர். டிரைவரோ தனியார் கம்பெனி ஆள். புகையை ஒழிக்கிறோம் என்ற பெயரில் நிரந்தர வேலையையும் ஒழிப்பதை ஏற்க முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: விழுப்புரம் கோட்டத்துக்கு மின்சார பஸ்கள் வேண்டும். அவற்றைக் கழகமே வாங்கி, கழகத் தொழிலாளரைக் கொண்டே ஓட்ட வேண்டும்.

இரண்டு: கார்களுக்கான வரிச் சலுகைகளுக்கு விலை வரம்பு வேண்டும். அதனால் மிச்சமாகும் பணம் பொதுப் போக்குவரத்துக்குப் போக வேண்டும்.

மூன்று: சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வாகனம் தருவது கெட்ட காரியமல்ல. சர்க்கார் ஊழியருக்கு வாகன முன்பணம் தரும் வழக்கம் பழையது. பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கங்களும் சம்பளத்தில் பிடித்தே கடன் வசூலிக்கின்றன. இந்த வழியில், குறைந்த வட்டிக்கு, துப்புரவுத் தொழிலாளருக்கும் செவிலியருக்கும் ஒப்பந்த ஊழியருக்கும் மின்சார ஸ்கூட்டர் கிடைக்கட்டும். கந்து வட்டியில் தவிக்கும் ஆட்டோ டிரைவருக்கு மின்சார ஆட்டோ கிடைக்கட்டும். வண்டி ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கட்டும்.

நான்கு: கார்க் குத்தகை ஒப்பந்தங்களுக்குச் சட்ட வரையறை வேண்டும். கம்பெனி ஆளைக் குறைத்தால் முறிவுத் தொகையைக் கம்பெனியே கட்ட வேண்டும்.

ஐந்து: விழுப்புரம், திண்டிவனத்திலிருந்து தாம்பரத்துக்குக் காலையிலும் மாலையிலும் கூடுதல் மின்சார ரயில்கள் வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் மின்சாரக் காரைப் பூட்டும் கைகளில் நம் ஜில்லாப் பிள்ளைகளின் கைகளும் உண்டு. ஷிப்டு முடிந்து அவர்கள் ஊர் திரும்புவது பஸ்சிலும் பாசஞ்சர் ரயிலிலும். அந்தப் பஸ்சும் ரயிலும் நேரத்துக்கு வர வேண்டும். நிற்க இடமாவது இருக்க வேண்டும். சர்க்காரின் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். அதைக் கேட்க விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஊழியரும் தொழிலாளரும் மாணவரும் பெண்களும் ஒன்று சேர வேண்டும். கேட்காமல் எந்தச் சர்க்காரும் கொடுத்ததில்லை.