சேனலை எண்ணாதீங்க, ஆக்ஸை எண்ணுங்க

இந்த வருஷ கல்ச்சுரல்ஸ் பட்ஜெட்ல "சொந்தமா ஒரு மிக்சர்"னு ஒரு வரி சேர்ந்திருக்கு. ரொம்ப நல்ல விஷயம். ஆனா கமிட்டி வாட்ஸ்அப் குரூப்ல ஓடுற விவாதம் முழுக்க "எத்தனை சேனல்? எக்கோ இருக்கா? யுஎஸ்பி இருக்கா?" என்பதோட நின்னுடுது. முதல்ல கேட்க வேண்டியது அது இல்லை மக்கா. மேடையில இருக்கிறவங்களுக்கு அவங்க குரல் கேட்குமா? அதைத்தான் கேட்கணும்.

போன வருஷம் வந்த வில்லுப்பாட்டுக் குழுவை ஞாபகம் இருக்கா? நம்ம பக்கத்துக் கோயில் கொடைகள்ல ராத்திரி முழுக்கப் பாடுறவங்க. நம்ம மேடையில அரை மணி நேரத்துல முடிச்சுக்கிட்டாங்க. "தம்பி, நாங்க பாடுறது எங்களுக்கே கேக்கல"ன்னு ஐயா மூணு தடவை சொன்னார். மிக்சர்ல நின்னது நான்தான். மானிட்டரைக் கூட்டினா மைக் கூவுது. குறைச்சா அவருக்குக் கேக்கல. கூட்டம் சிரிச்சது. வயசாயிடுச்சு, தாளம் தப்புதுன்னு பின்வரிசையில பேசிக்கிட்டாங்க. தப்பு அவர்கிட்ட இல்லை. எங்க தேவைக்குப் பத்தாத மிக்சரை வாடகைக்கு எடுத்த என்கிட்ட இருந்தது.

விஷயம் சிம்பிள். கூட்டத்துக்குப் போற கலவை ஒண்ணு, மேடை மானிட்டருக்குப் போற கலவை இன்னொண்ணு. இந்த இரண்டாவது கலவையைத் தனியா அனுப்புற வழிக்குப் பேர்தான் ஆக்ஸ். அது ஃபேடருக்கு முன்னாடியே சிக்னலை எடுக்கணும். அப்பதான் நீங்க ஃபேடரை எப்படி ஏத்தி இறக்கினாலும் மானிட்டர் அசையாம இருக்கும். நான் எடுத்த மிக்சர்ல இருந்தது ஒரே ஆக்ஸ். அதுவும் ஃபேடருக்குப் பின்னாடி எடுக்கிறது. கூட்டத்துக்காக ஃபேடரை ஏத்தும்போதெல்லாம் மானிட்டரும் சேர்ந்து ஏறும், அந்தச் சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போகும். கூவாம என்ன செய்யும்?

இப்போ குரூப்ல அடிபடுற மாடல்களுக்கு வருவோம். யமஹா எம்ஜி12எக்ஸ்யூ பெட்டியில 12னு போட்டிருக்கு. அதுக்காக 12 மைக் சொருகலாம்னு நினைக்காதீங்க. மோனோ 4, ஸ்டீரியோ 4 ஜோடி, ஆக மொத்தம் 12. அதுல மைக் போடக்கூடியது 6தான். ஆக்ஸ் 2, அதுல ஒண்ணு எக்கோவுக்கும் சேர்த்து. அதாவது எக்கோ போட்டா மானிட்டருக்குன்னு முழுசா மிஞ்சுறது ஒண்ணு. எம்ஜி10எக்ஸ்யூல மைக் 4, ஆக்ஸ் 1.

வில்லுப்பாட்டுக்குக் கணக்குப் போடுங்க. வீசுகோல் பிடிச்சு முன்னாடி பாடுறவருக்கு ஒண்ணு, உடுக்கைக்கு ஒண்ணு, குடத்துக்கு ஒண்ணு, ஜால்ராவுக்கு ஒண்ணு, பின்பாட்டுக்கு ரெண்டு. ஆறும் தீர்ந்தாச்சு, தொகுப்பாளர் கையில மைக் இல்லை. மானிட்டரும் ரெண்டு வேணும். முன்பாட்டுக்காரருக்குக் குடமும் உடுக்கையும் கேக்கணும், பின்பாட்டுக்காரங்களுக்கு அவர் குரல் கேக்கணும். ரெண்டும் வேற வேற கலவை.

அதனால என் ஓட்டு எம்ஜி16எக்ஸ்யூக்கு: மைக் 10, ஆக்ஸ் 4. ஒண்ணை எக்கோவுக்கு விட்டாலும் மூணு மிச்சம்.

"பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 வாங்கலாமே, மைக் 16, ஆக்ஸ் 6, டேப்லெட்லயே ஓட்டலாம்"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நம்ம உப்புக் காத்துக்கும் அதுல ஃபேடரே இல்லாதது வசதி. ஆனா திறந்தவெளி மைதானத்துல ஆயிரம் போனுக்கு நடுவுல அதோட சொந்த வைஃபையை நம்பி நிகழ்ச்சி நடத்த முடியாது. தனி ரவுட்டர் வேணும், இல்லன்னா லேப்டாப்பை ஒயர்ல இணைக்கணும். அதைவிட முக்கியம், அடுத்த வருஷம் இதைத் தொடப்போறது இப்ப ஃபர்ஸ்ட் இயர்ல இருக்கிற பசங்க. ஒவ்வொரு குமிழும் கண்ணு முன்னாடி இருந்தா, எதைத் திருப்பினா எது மாறுதுன்னு கையாலேயே கத்துக்கலாம். டிஜிட்டலுக்கு அப்புறம் போகலாம்.

உப்புக் காத்துக்கு மருந்து உண்டு. நிகழ்ச்சி முடிஞ்ச ராத்திரியே துடைச்சு, மூடுற பெட்டியில சிலிகா ஜெல் பையோட வைங்க. விடிய விடிய மேடையில விட்டா, கொஞ்ச நாள்ல ஃபேடரை அசைக்கும்போதெல்லாம் கரகரக்கும்.

"வாடகைக்கே எடுத்துக்கலாமே"ன்னு சிலர் சொல்றாங்க. எடுக்கலாம். ஆனா நிகழ்ச்சி அன்னைக்கு மட்டும் கைக்கு வர்ற மிக்சர்ல யாரும் எதையும் கத்துக்க முடியாது. அதுக்குச் சாட்சி நான்தான். வாங்குறதுக்கு முன்னாடி ஊர்ல கொடைக்கு மைக் செட் போடுற அண்ணன் யாரையாவது கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுங்க. நம்ம குரூப்ல இருக்கிற எல்லாரையும்விட அவருக்குத் தெரியும்.

இன்னொண்ணு. போன வருஷம் நம்ம பேண்டுக்கு மூணு மணி நேரம் சவுண்ட் செக் கொடுத்தோம். வில்லுப்பாட்டுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. எந்த மிக்சர் வாங்கினாலும் இது தானா சரியாகாது. இந்த வருஷம் அந்த ஐயாவைத் திரும்பக் கூப்பிடுங்க, முதல் சவுண்ட் செக் அவருக்குக் கொடுங்க. "கேக்குதா ஐயா?"ன்னு நான் கேட்டுக்கிறேன்.