யோகா செய்யலாம், ஆனால் எதற்குப் பதிலாக?

ஜூன் 21 வந்துவிட்டால் தூய்மைப் பணியாளர்களையும் பாய் விரித்து வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அறிவித்து, 2015 முதல் கொண்டாடப்படும் நாள் இது. 'தினமும் யோகா செய்தால் உடல்வலி போய்விடும்' என்று மேடையில் சொல்கிறார்கள். நம் தாய்மார்களும் தலையாட்டிவிட்டு மறுநாள் விடியும் முன்பே துடைப்பத்தோடு தெருவில் இறங்குகிறார்கள்.

யோகாவால் பயனே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு யோகா உதவுமா என்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, 2017இல் காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று வெளிவந்தது. உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், யோகா செய்தவர்களின் அன்றாட இயக்கம் ஓரளவு மேம்பட்டது என்கிறது அது. மற்ற உடற்பயிற்சிகளைவிட யோகா மேலானதா என்பதற்கு அதில் தெளிவான சான்று இல்லை. ஆக, நல்ல பயிற்சிகளில் யோகாவும் ஒன்று. அற்புத மருந்து அல்ல.

அந்த இடுப்புவலி எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்வி. மணிக்கணக்கில் குனிந்து பெருக்குவதும், நிரம்பிய தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கி லாரியில் கொட்டுவதும், பழுதான தள்ளுவண்டியை இழுப்பதும் தந்த வலி அது. காலையில் அரை மணி நேரம் நிமிர்த்திய முதுகை நாள் முழுக்க வளைத்தால் என்ன மிஞ்சும்?

பாதாளச் சாக்கடையில் நிலைமை இன்னும் கொடியது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடினால் நுகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். ஆபத்தை மூக்கு சொல்லாது. எந்த மூச்சுப் பயிற்சியும் அங்கே காப்பாற்றாது. பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. அப்படியும் மரணங்கள் தொடர்ந்ததால்தான், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

தொழில் பாதுகாப்பில் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே நீக்க வேண்டும். பிறகு இயந்திரம், அதன்பின் வேலைமுறை மாற்றம், கடைசியில்தான் கையுறையும் முகக்கவசமும். யோகா இந்த வரிசையிலேயே இல்லை. அதை முதலிடத்தில் வைப்பவர்கள், வேலை தந்த நோயைத் தொழிலாளியின் சோம்பலாக மாற்றிக் காட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிகளின் தலையில் இந்த வேலையைக் கட்டிவிட்டு, 'உன் உடம்பை நீயே பார்த்துக்கொள்' என்பது அறிவுரை அல்ல, கைகழுவல்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். வேலை நேரத்தைக் குறைப்பது அவருடைய முக்கியமான அக்கறையாக இருந்தது. ஓய்வு நேரம் இருந்தால்தானே உடம்பைப் பேணவே முடியும்?

எனவே மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் அப்படி ஒரு முகாம் நடந்தால் எதிர்த்துக் கோஷம் போட வேண்டாம். போய்க் கேளுங்கள். பயிற்சி நேரத்துக்குக் கூலி உண்டா? முழங்கால் தேய்ந்தவர், ரத்த அழுத்தம் உள்ளவர் எதைச் செய்யக்கூடாது என்று மருத்துவர் பார்த்தாரா? ஒப்பந்தப் பணியாளருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை, வார விடுப்பு, பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? சாக்கடைக்கு இயந்திரம் வந்ததா?

இவையெல்லாம் கிடைத்த பிறகு பாயை விரியுங்கள். நாமும் வந்து உட்காருகிறோம்.

ஜெய் பீம்!