கிருமி தின்னட்டும் என்கிறார்கள்!

எண்ணூர்க் கடலில் 2017 சனவரி 28-ஆம் நாள் கப்பல்கள் இரண்டு மோதிக்கொண்டன. எண்ணெய் கரை ஒதுங்கியது. ராட்சத இயந்திரங்கள் கைவிரித்து நிற்க, அந்தக் கருங்குழம்பை வாளி வாளியாக மொண்டவை உழைப்பாளியின் கைகள்! மீண்டும் 2023 டிசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலையின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் கலந்தது. அப்போதும் மீனவத் தோழர்கள்தாம் படகேறிச் சென்று மொண்டார்கள்.

"மிச்சத்தை நுண்கிருமிகள் தின்றுவிடும், கவலை எதற்கு?" என்பாரும் உண்டு. தின்னும், நாம் மறுக்கவில்லை. எப்படித் தின்னும் என்பதை முசிறிச் சாலையிலே தார் காய்ச்சும் தோழரும் அறிய வேண்டாமா? அவர் மூச்சிலும் ஏறுகிற பொருளல்லவா அது!

எண்ணெயிலும் தார்ப்புகையிலும் ஆறு கரியணுக்கள் கைகோத்து வட்டமாக நிற்கும் பொருள்கள் உண்டு. இரண்டு வட்டம் ஒட்டினால் நாப்தலீன். துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டை. ஐந்து ஒட்டினால் பென்சோபைரீன்; புற்றுநோய் தரும் நஞ்சு. புகைபோக்கி துடைத்துப் பிழைத்த இலண்டன் ஏழைகளின் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று மருத்துவர் பெர்சிவால் பாட் 1775-லேயே எழுதினார். நோய் அன்றும் ஏழையைத்தான் தேடிப் போயிற்று.

சூடோமோனாஸ் போன்ற நுண்ணுயிர், ஆக்சிஜன் அணு இரண்டை அந்த வட்டத்தில் ஆப்புப்போல் செருகுகிறது. கட்டு தளர்ந்து, வட்டம் பிளந்து, துண்டுகள் அதற்கு இரையாகின்றன. கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும். அருமையான வேலைதான்! ஆனால் கூலியின்றி அது உழைக்காது: காற்று வேண்டும், நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். 1989-இல் அலாஸ்காவில் எக்சான் கப்பல் எண்ணெய் கொட்டிய கரையில் உரம் தூவித்தான் வேலை வாங்கினார்கள். எண்ணூரின் அலையாத்திச் சேற்றிலோ, சற்று ஆழம் போனாலே காற்று கிடையாது. அங்கே இரண்டு வட்டம் மெல்லக் கரையலாம். ஐந்து வட்டம் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும்.

எண்ணெய் தின்னும் உயிரை ஆக்கிய ஆனந்த மோகன் சக்கரவர்த்திக்குக் காப்புரிமை உண்டென்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஐவர் ஒப்ப, நால்வர் மறுக்க! கிருமிக்கு உரிமைப் பத்திரம் எழுத ஒன்பது நீதிபதிகள் கூடினார்கள். வெறுங்கையால் எண்ணெய் மொண்ட எண்ணூர் மீனவனுக்குக் கையுறை கொடுக்க ஒருவர் கூடவில்லையே!

நாம் கேட்பது இதுதான்: அள்ளக்கூடிய சேற்றை இயந்திரத்தால் அள்ளி, காற்றுப்பட விரித்து, உரமிட்டுக் கிளறுங்கள். ஐந்து வட்ட நஞ்சு எவ்வளவு குறைந்தது என்று மாதந்தோறும் அளந்து, மீனவக் குப்பத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். செலவுக் கணக்கை எண்ணெய் விட்ட ஆலைக்கு அனுப்புங்கள்.