கரைப்பான் வெறும் பார்வையாளரா?

கரைசலில் மிகுந்த அளவில் இருப்பது கரைப்பான். குறைந்த அளவில் இருப்பது கரைபொருள். இந்த வரையறையை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால், பாடம் இத்துடன் முடிந்துவிட்டால் ஒரு தவறான எண்ணம் மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது. வினை புரிவது கரைபொருள்தான். கரைப்பான் அதற்கு இடம் கொடுக்கும் பாத்திரம் மட்டுமே என்பது அந்த எண்ணம். இதைப் பள்ளியிலேயே திருத்த வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஒரு சாயத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அதன் பெயர் பைரனின். புத்தக வரிகளின் மேல் மஞ்சள் கோடு தீட்டும் பேனாக்கள் சிலவற்றின் மையில் இது இருக்கிறது. இதன் மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. அது தன் புரோட்டானை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. எனவே பைரனின் வலிமை குறைந்த அமிலம். அமில வலிமையைக் காட்டும் பி.கே.ஏ. எண் இதற்கு ஏறத்தாழ 7. இந்த எண்ணில் ஒன்று குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடும்.

இந்த மூலக்கூறு ஒளியை உட்கொண்டதும் என்ன ஆகிறது? எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி ஆக்சிஜனிலிருந்து வளையங்களின் பக்கம் நகர்கிறது. புரோட்டானின் மீதுள்ள பிடி தளர்கிறது. பி.கே.ஏ. எண் ஏறத்தாழ 1 வரை இறங்குகிறது. அதாவது, அமில வலிமை சுமார் பத்து லட்சம் மடங்கு பெருகுகிறது! ஒளியால் அமில வலிமை இவ்வாறு மாறுவதை 1950ஆம் ஆண்டையொட்டி விளக்கியவர் ஜெர்மன் அறிஞர் தியோடர் ஃபார்ஸ்டர்.

இப்போது கரைப்பானைக் கவனியுங்கள். சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் பைரனினைக் கரைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், சுமார் 100 பிக்கோ வினாடிகளில் புரோட்டான் நீருக்குத் தாவிவிடும். பிக்கோ வினாடி என்பது ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. புரோட்டானை இழந்த சாயம் பச்சையாக ஒளிர்கிறது. அதே சாயத்தை எதில் ஆல்கஹாலில் கரைத்து அதே ஒளியைப் பாய்ச்சினால், புரோட்டான் இடம் பெயர்வதில்லை. சாயம் நீலமாக ஒளிர்கிறது.

சாயம் ஒன்றே, ஒளியும் ஒன்றே. மாறியது கரைப்பான் மட்டும்தான். பிரிந்து வரும் புரோட்டானை ஏந்திக்கொள்ள யாராவது வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்து நின்று அதை வாங்கிக்கொள்கின்றன. எஞ்சிய எதிர்மின் அயனியையும் சூழ்ந்து நிலைப்படுத்துகின்றன. ஆல்கஹாலிலும் ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. ஆனால் இந்த இரு வேலைகளிலும் அது நீருக்கு ஈடாவதில்லை.

அப்படியானால், 'நீர் எப்போதும் புரோட்டான் பெயர்ச்சிக்கு உதவும்' என்று எழுதிவிடலாமா? அதுவும் கூடாது. வெங்காயத் தோலிலுள்ள குவர்செட்டினின் எளிய உறவு 3-ஹைட்ராக்சிஃபிளேவோன். இதில் புரோட்டான் வெளியே போவதில்லை. மூலக்கூறுக்குள்ளேயே ஓர் ஆக்சிஜனிலிருந்து அடுத்த ஆக்சிஜனுக்குத் தாவுகிறது. தாவியபின் வெளிவருவது பச்சை ஒளி. தாவாவிட்டால் ஊதா ஒளி. இங்கே நீரோ ஆல்கஹாலோ குறுக்கிட்டுப் பிணைந்தால் உட்பாதை தடைப்படுகிறது.

இச்சாயத்தை ஹைட்ரோகார்பன் கரைப்பானில் குளிர்வித்தபோது ஊதா ஒளியும் தோன்றியது. புரோட்டானின் பாதையிலேயே ஓர் ஆற்றல் தடை இருப்பதால்தான் என்று சிலர் கருதினர். 1980களின் முற்பகுதியில் அமெரிக்க அறிஞர் மைக்கேல் காஷாவின் குழு கரைப்பானிலிருந்து நீரை மிகக் கவனமாக நீக்கிப் பார்த்தது. கடுங்குளிரிலும் பச்சை மட்டுமே தெரிந்தது! கரைப்பானில் ஒளிந்திருந்த துளியளவு நீர்தான் ஊதாவுக்குக் காரணம். கரைப்பானைக் கவனியாததால், நீரின் வேலை சாயத்தின் குணமாக எண்ணப்பட்டது.

இவையெல்லாம் உயர் படிப்புக்கு உரியவை, பள்ளிக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பிக்கோ வினாடிக் கணக்கைப் பள்ளியில் கற்பிக்கும்படி நான் கோரவில்லை. ஆனால் 'இது வலிமை குறைந்த அமிலம்' என்று எழுதும்போது 'நீரில்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கலாமே! அசெட்டிக் அமிலம் நீரில் வலிமை குறைந்தது. திரவ அம்மோனியாவில் அது வலிமை மிக்க அமிலம்போல நடந்துகொள்கிறது. ஒரு பொருளின் குணம் என்று நாம் எழுதிவைப்பதில் பாதி, அது இருக்கும் சூழலின் குணம்.

ஆகவே மாணவர்களே, உங்கள் செய்முறை ஏட்டில் நிறத்தையோ வலிமையையோ குறிக்கும்போது, எந்தக் கரைப்பானில் கண்டீர்கள் என்பதையும் மறவாமல் எழுதுங்கள். ஆசிரியர் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். அந்த ஒரு சொல் விடுபட்டால், நீங்கள் கண்டதை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது. திரும்பச் செய்து பார்க்க முடியாத ஒன்றை அறிவியல் ஏற்பதுமில்லை.