அடிபட்டால் வேலை நேரம், உயிரோடு திரும்பினால் சொந்த நேரமா?

தோழர்களே, ஒரு சின்ன கணக்கு போடுவோம்.

ஒரகடத்தில் காலை 6 மணி ஷிப்ட். வந்தவாசி, செய்யாறு பக்கத்து கிராமத்திலிருந்து வர்ற ஒரு பெண் 4 மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஏறியாகணும். போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம். வாரம் 6 நாளுக்கு 24 மணி நேரம். அதோட 48 மணி நேர வேலையைக் கூட்டுங்க. 72!

இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கணும்னு 2023-ல் நாராயண மூர்த்தி புத்தி சொன்னார். ஐயா, எங்க ஊர்ப் பொண்ணுங்க அதை எப்பவோ தாண்டிட்டாங்க. சம்பளம் மட்டும் 48-க்குத்தான்!

அதே 2023 ஏப்ரலில், 12 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று வாபஸ். சட்டத்தில் நுழைய முடியாத அந்த 12 மணி நேரம், தினமும் பஸ் ஏறி வந்துக்கிட்டுதான் இருக்கு.

"பஸ் ஃப்ரீயாத்தானே விடுறாங்க?"

யாருக்காக? 6 மணிக்கு லைன் ஓடணும், அதுக்காக. லாரியில் வரும் உதிரிபாகத்துக்கு வாடகை, உற்பத்திச் செலவில் ஏறுது. பஸ்ஸில் வரும் மனுஷியோட 4 மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறல.

"பக்கத்துலயே தங்கலாமே?"

வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தாச்சு. நல்ல விஷயம். ஆனா கைக்குழந்தைக்காரி பிள்ளையை யாரிடம் விட்டுட்டு அங்கே தங்குவாள்? கட்டில் கிடைச்சா வீடு கிடைச்ச மாதிரி ஆகிடுமா?

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் 51-இ என்று ஒரு பிரிவு சேர்த்தாங்க. வேலைக்குப் போகும்போதோ, முடித்துத் திரும்பும்போதோ விபத்து நடந்து, நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்தினால், அது வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும்.

அதாவது, கை கால் போனால் பயணமும் வேலை. பத்திரமா வீடு சேர்ந்தால் அது உன் சொந்த நேரம். இது என்ன நியாயம்?

நாம் கேட்பது இரண்டே இரண்டு. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பயணத்துக்குச் சம்பளம் கொடு. தொழிற்பேட்டை பக்கத்தில் குடும்பத்தோடு வாழ, கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு கொடு.

உங்க ஊருக்கு கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வருது? கீழே எழுதுங்க. அந்த நேரங்கள்தான் நம்ம சாட்சி.

#பயணநேரமும்_வேலைநேரமே