அளவுகோலை அளந்து பார்த்தீர்களா?



புதிதாகக் கட்டிய பாலத்தைத் திறந்துவிடுவதற்கு முன்னால், பாரம் ஏற்றிய லாரிகளை அதன் மேல் நிறுத்திச் சோதிப்பதுண்டு. பாலம் தாங்குமா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. இணையத்தின் சந்திப்புகளில் நின்று தகவல்களுக்கு வழிகாட்டும் ரவுட்டருக்கும் இத்தகைய சோதனை உண்டு. அங்கே லாரிகளுக்குப் பதிலாகச் செயற்கையான தகவல் போக்குவரத்தை ஏராளமாக அனுப்பிப் பார்க்கிறார்கள். அதை உண்டாக்கி அனுப்புவதற்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? விலை அதிகமானதையா? பெரிய எண்ணைக் காட்டுவதையா? இரண்டுமே சரியான வழி அல்ல என்பது என் கருத்து. முதலில் கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அதற்கேற்ற கருவியைத் தேட வேண்டும். அந்தக் கருவியையும் சோதித்த பிறகே அதன் சொல்லை நம்ப வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

நீங்கள் அனுப்பும் படமோ, கடிதமோ, பேச்சோ சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்துதான் பயணம் செய்கிறது. இத்துண்டுக்குப் பாக்கெட் என்று பெயர். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அது போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும். ரவுட்டர் அந்த முகவரியைப் படிக்கிறது. தன்னிடமுள்ள அட்டவணையில் தேடுகிறது. உரிய வழியில் அனுப்பி வைக்கிறது. அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பவரின் வேலையும் இதுதான். உறை மெல்லியதாக இருந்தாலும் தடித்ததாக இருந்தாலும் முகவரியைப் படிக்க ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதானே? ஆகவே ரவுட்டரைத் திணற வைப்பது பெரும்பாலும் மொத்த எடை அல்ல, உறைகளின் எண்ணிக்கை.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 10 ஜிகாபிட் இணைப்பு என்றால் வினாடிக்கு 1,000 கோடி பிட்டுகள். ஈதர்நெட் முறையில் மிகச் சிறிய பாக்கெட்டின் அளவு 64 பைட். அதன் முன்னால் 8 பைட் அளவுள்ள அறிவிப்புக் குறி வரும். பின்னால் 12 பைட் நேரத்துக்கு இடைவெளி விடவேண்டும். மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். 1,000 கோடியை 672ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம். ஒரு வினாடியில் இத்தனை பாக்கெட்டுகள்! ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ வினாடி மட்டுமே. வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் கணினிச் செயலி, அந்த நேரத்துக்குள் சுமார் 200 முறைதான் துடிக்க முடியும்.

இனி, பெரிய பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான உச்ச அளவு 1,518 பைட். முன்னும் பின்னும் சேர்த்தால் 1,538 பைட். இவ்வகைப் பாக்கெட்டுகள் வினாடிக்கு 8 லட்சத்து 12 ஆயிரம்தான் வரும். இணைப்பு நிரம்பி வழிவது இரண்டிலும் ஒன்றே. ஆனால் வேலையோ 18 மடங்கு வேறுபடுகிறது! எனவே "எங்கள் ரவுட்டர் 10 ஜிகாபிட் தாங்கும்" என்று ஒரு விளம்பரம் சொன்னால், "எந்த அளவுப் பாக்கெட்டில்?" என்று கேட்காமல் அதற்குப் பொருளே இல்லை.

சிறிய பாக்கெட்டுகள் சோதனைக்காகச் செய்த கற்பனை அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அல்ல. இணையவழித் தொலைபேசியில் பேச்சை 20 மில்லி வினாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவது வழக்கம். ஒரு பக்கத்துப் பேச்சுக்கு மட்டும் வினாடிக்கு 50 பாக்கெட்டுகள் போகும். ஜி.711 என்ற பழைய, பரவலான முறையில் ஒவ்வொன்றும் தலைப்போடு சேர்த்து 200 பைட்தான். பெரிய பாக்கெட்டுகளை மட்டும் கொண்டு சோதித்து வாங்கிய ரவுட்டர், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேசும்போது திணறலாம். மருத்துவமனையை அழைக்கும் ஒருவரின் குரல் பாதியில் அறுந்துபோகலாம். தவறான சோதனைக்கு விலை கொடுப்பவர் சோதித்தவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 1999ஆம் ஆண்டில் ஸ்காட் பிராட்னர், ஜிம் மெக்வேட் ஆகிய இருவரும் ஆர்.எஃப்.சி. 2544 என்னும் ஆவணத்தை எழுதினார்கள். ஈதர்நெட்டுக்கு 64 முதல் 1,518 பைட் வரை ஏழு அளவுகளில் சோதிக்கும்படி அது கூறுகிறது. ஒரு பாக்கெட்டைக்கூடத் தவற விடாமல் ரவுட்டர் கடத்தக்கூடிய உச்ச வேகமே அதன் உண்மையான திறன் என்று கொள்கிறது. ஆகவே ஒரே ஓர் எண்ணைச் சொல்லும் சோதனை அறிக்கை அரைகுறை அறிக்கையே.

சரி, கருவிகளுக்கு வருவோம். ஐபெர்ஃப் என்பது இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். "இந்தக் கணினியிலிருந்து அந்தக் கணினிக்கு ஒரு பெரிய கோப்பு எவ்வளவு விரைவாகப் போகும்?" என்ற கேள்விக்கு அது நல்ல விடை தரும். ஆனால் அதன் பாக்கெட்டுகள் கணினியின் இயக்க முறைமை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அங்கே பல வேலைகள் நடக்கும். சிறிய பாக்கெட்டுகளை அனுப்பச் சொன்னால், ரவுட்டர் களைப்பதற்கு முன்னால் அனுப்பும் கணினியே களைத்துவிடும். லினக்ஸின் உட்கருவிலேயே அமைந்த பாக்கெட்ஜென் இதைவிட வேகமானது.

இன்னும் வேகம் வேண்டுமானால், இயக்க முறைமையை ஒதுக்கிவிட்டு நெட்வொர்க் அட்டையோடு நேராகப் பேசும் மென்பொருள்கள் உண்டு. சிஸ்கோ நிறுவனம் வெளியிட்ட டி-ரெக்ஸ் ஒன்று. ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2015இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த மூன்ஜென் மற்றொன்று. 10 ஜிகாபிட் இணைப்பை மிகச் சிறிய பாக்கெட்டுகளால் நிரப்ப, செயலியின் ஒரே ஒரு கருவே போதும் என்று மூன்ஜென் காட்டியது. இவையும் இலவசமே. இவற்றுக்கும் மேலே, சோதனைக்கென்றே தனியாகச் செய்த வன்பொருள் கருவிகள் இருக்கின்றன. அவற்றின் விலை மிக அதிகம்.

விலை உயர்ந்த கருவியை வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று சிலர் வாதிடுகிறார்கள். பல வாயில்களை ஒரே நேரத்தில் நிரப்பவும், தாமதத்தை நானோ வினாடிக் கணக்கில் அளக்கவும் அக்கருவிகள் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதிலும் ஒரே முகவரிக்கு, ஒரே அளவில், ஒரே சீரான இடைவெளியில் பாக்கெட்டுகளை அனுப்பினால் என்ன ஆகும்? ரவுட்டருக்கு மிக எளிதான தேர்வை வைத்து முழு மதிப்பெண் கொடுத்ததாகும். உண்மையான போக்குவரத்து அப்படிச் சீராக வருவதில்லை. அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் 1989 முதல் 1992 வரை ஈதர்நெட் போக்குவரத்தை அளந்தவர்கள், அது சிறிய கால அளவிலும் பெரிய கால அளவிலும் திரள் திரளாகவே வருவதைக் கண்டார்கள். கருவி மலிவோ விலை உயர்ந்ததோ, முகவரிகளையும் அளவுகளையும் இடைவெளிகளையும் மாற்றிக் கலந்து அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. ரவுட்டரை நடுவில் வைப்பதற்கு முன்னால், அனுப்பும் கணினியையும் பெறும் கணினியையும் ஒரே கம்பியால் நேராக இணைத்துப் பாருங்கள். அப்போதே வினாடிக்கு 50 லட்சம் பாக்கெட்டுகள்தான் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிறகு ரவுட்டரை நடுவில் வைத்தும் அதே 50 லட்சம் வந்தால், அந்த எண் யாருடையது? ரவுட்டருடையது அல்ல, உங்கள் கருவியுடையது! இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாததால் ஒரு நல்ல ரவுட்டரைக் குறை கூறவும் நேரிடும்.

ஓர் எச்சரிக்கை. பலர் பயன்படுத்தும் இணைப்பில் இக்கருவிகளை ஓடவிடாதீர்கள். அது சோதனை ஆகாது. பிறரின் வழியை அடைப்பதாகும். நடைமுறையில் உள்ள வலைப்பின்னலில் இச்சோதனை தீங்கானது என்று 2012இல் ஆர்.எஃப்.சி. 6815 தெளிவாகவே சொல்லிவிட்டது. வெளி இணைப்பு இல்லாத இரண்டு பழைய கணினிகளும் ஒரு கம்பியும் போதும். 198.18, 198.19 என்று தொடங்கும் முகவரிகள் இத்தகைய சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன.

100 ஜிகாபிட் இணைப்பில் ஒரு சிறிய பாக்கெட்டுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? மேலே உள்ள கணக்கைக் கொண்டு நீங்களே கண்டுபிடியுங்கள். அதன் பிறகு எந்த விளம்பரத்தைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த அளவுப் பாக்கெட்டில் சோதித்தீர்கள்? எத்தனை பாக்கெட்டுகள் தவறின? சோதித்த கருவியைச் சோதித்தீர்களா? இவற்றைக் கேட்கப் பணம் வேண்டியதில்லை. வகுத்தல் கணக்குத் தெரிந்திருந்தால் போதும்.